பச்சை பியூஸ்

ஐப்பசி 5, வியாழன்

வாணி இந்த டைரியக் குடுத்துட்டு திருப்பூருக்குப் போயிட்டா. மருமகனோட கம்பெனில சும்மா குடுக்கறதாம். "யாருகிட்டயும் பேச மாட்டேங்கறே, எழுதியாவது வைம்மா"ன்னா. நான் அஞ்சாவதோட நின்னவ, என்னத்த எழுதறதுன்னேன். "என்ன சமைச்சே, யாரு வந்தாங்க, அப்பா என்ன பண்றாரு, அதை எழுது"ன்னா.

அரசாணிக்காய்ப் பொரியல், ரசம். யாரும் வரல. இவரு வண்டிக்குக் கீழ படுத்திருந்தாரு.

ஐப்பசி 6, வெள்ளி

வண்டின்னா என் பையன் தரணீசோட வண்டி. ரெண்டு பேரு மட்டும் உக்காரற சிவப்பு ஜப்பான் காரு. அவன் பொறக்கறதுக்கு முந்தியே செஞ்சது. ஊட்டில ஒரு எஸ்டேட்டு ஷெட்டுல அதுக்குள்ள கோழி அடைச்சு வெச்சிருந்தாங்களாம். அதைப் போயி வாங்கியாந்து அப்பனும் மகனும் நம்ம லேத் பட்டறையில போட்டு, ரெண்டு வருசம் சோறு தண்ணி இல்லாம சரி பண்ணுனாங்க.

அதுக்கு லைட்டு வெளிய தெரியாது. முன்னாடி பானெட்டுக்குள்ள மூடி போட்டுப் படுத்திருக்கும். சுவிட்ச அமுத்துனா ரெண்டும் டக்குனு எந்திரிக்கும். தெருப் பசங்க "தவளை வண்டி, தவளை வண்டி"ன்னு பின்னாடியே ஓடுவாங்க. இவனும் வேணும்னே ஒரு தரம் எந்திரிக்க வெச்சுக் காட்டுவான். அந்த லைட்டுக்கு ஒயரு பூராவும் இவரு கையால இழுத்தது. வெளி ஆளு யாரையும் தொட விடல.

போன கார்த்திகைல ஒரு நாள் சாயங்காலம். கோத்தகிரி ரோட்டுல பொகையாட்ட மஞ்சு எறங்கற நேரம். ஒரு வளைவுல திரும்பாம பள்ளத்தோரச் சுவத்துல மோதிட்டான். வண்டி சுவத்தோட நின்னுருச்சு. அவன் நிக்கல.

லைட்டு ரெண்டும் மூடியே இருந்துச்சுன்னு போலீஸ்காரரு சொன்னாரு. மஞ்சுல லைட்டு போடாம வந்திருக்கான்னாரு. இவரு அன்னிக்கு வாயத் தொறந்து சொன்னது ஒண்ணே ஒண்ணு. "அவன் போட்டிருப்பான். அது எந்திரிச்சிருக்காது."

அன்னியிலருந்து வண்டியக் கொண்டாந்து போட்டு நிமித்திட்டு இருக்காரு. தகரம், பெயிண்டு, கதவு எல்லாம் ஆச்சு. லைட்டு மட்டுந்தான் பாக்கி. வலது எந்திரிக்குது. இடது எந்திரிக்க மாட்டேங்குது.

ஐப்பசி 8, ஞாயிறு

"துளசி, சித்தெ வா"ன்னு கூப்புட்டாரு. எத்தனையோ நாளைக்கப்பறம் பேரு சொல்லிக் கூப்புட்டது. உள்ள உக்காந்து சுவிட்ச அமுத்தச் சொன்னாரு. நான் சீட்டுல உக்காரல. வெளியில நின்னே கைய விட்டு அமுத்துனேன். இடது லைட்டு பாதி எந்திரிச்சு, தலைய ஆட்டிட்டு, மறுபடி படுத்துக்குச்சு. குடிகாரனாட்ட.

"மோட்டாரு சுத்துது. இழுக்கற கம்பில புஷ்ஷு வளையம் தேஞ்சு போச்சு"ன்னு அவரே சொல்லிக்கிட்டாரு. லேத்துல பித்தளைல ஒண்ணு கடைஞ்சாரு. சாயங்காலம் வரைக்கும் அந்தச் சத்தம். பட்டறையில லேத் ஓடுற சத்தம் கேட்டா எனக்கு தரணி உள்ள இருக்கறாப்பல இருக்கும். டீ ரெண்டு டம்ளர் ஊத்திட்டேன்.

ஐப்பசி 9, திங்கள்

ரெண்டும் எந்திரிச்சுது. ஒண்ணா எந்திரிச்சு, ஒண்ணா மூடுது. இவரு வாயில ஒரு சிரிப்பாட்ட வந்துட்டுப் போச்சு.

"சரியாயிருச்சில்லீங்க. யாருக்காச்சும் வித்துப் போடலாமுங்க"ன்னேன்.

"விக்கறதா? திதி முடிஞ்சதும் அன்னிக்கே எடுத்துட்டுப் போறேன்."

"எங்கீங்க?"

"அதே ரோட்டுக்கு. அதே நேரத்துக்கு. மஞ்சு எறங்கட்டும். அந்த வளைவுக்கு வந்து சுவிட்ச அமுத்துவேன். எந்திரிச்சுதுன்னா என் ஒயரிங் மேல தப்பில்ல."

"எந்திரிக்கலைன்னாங்க?"

ஸ்பேனரை எடுத்துத் தொடச்சு, அதது இருந்த எடத்துல வெச்சாரு.

ஐப்பசி 10, செவ்வாய்

கத்திரிக்காய்க் குழம்பு. நான் சாப்புடல.

தரணி ரூம்பக் கூட்டினேன். ஜன்னல் மேல ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நெறைய பியூஸ் வெச்சிருக்கான். எல்லாம் கருகினது. இந்த வண்டிக்கு லைட்டுத் தூக்கற மோட்டாருக்குப் போடறது பச்சைக் கலரு, பல்லாட்ட ரெண்டு காலு. மேலுக்குப் பாத்தா நல்லதும் கெட்டதும் ஒண்ணாத்தான் இருக்கும். வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாத்தான் உள்ள கம்பி அந்து போனது தெரியும். "தூக்கிப் போடறா சாமி"ன்னா, "இருக்கட்டும்மா, ஒண்ணொண்ணும் ஒரு பாடம்"பான்.

தொடச்சு அங்கயே வெச்சேன்.

ஐப்பசி 11, புதன்

இவரு குளிச்சுட்டு வந்து சுவிட்ச அமுத்துனாரு. லைட்டு எந்திரிக்கல. பியூஸ் போயிருந்துச்சு. புதுசு போட்டாரு, எந்திரிச்சுது. "பழைய பியூஸு, அதான்"னாரு.

ஐப்பசி 12, வியாழன்

மறுபடியும் பியூஸ் போயிருச்சு. "எங்கியோ ஷார்ட் ஆவுது"ன்னாரு. காபி கொண்டு போயிக் குடுத்தேன். பாதிய நானே தட்டுல ஊத்திட்டேன். அவரு பாக்கல.

ஐப்பசி 14, சனி

தீவாளி. நம்ம வூட்டுல எண்ணெய்ச் சட்டி வெக்கல. எதுத்த வூட்டுக்காரம்மா முறுக்கும் அதிரசமும் டப்பாவுல போட்டு வாசல்லயே வெச்சுட்டுப் போயிருச்சு. உள்ள வந்தா நான் அழுவேன்னு பயம்.

தெருவுல வெடி. பட்டறைக்குள்ள இவரு ஒயரை எல்லாம் வெளிய இழுத்துப் போட்டு, ஒண்ணொண்ணா உரிச்சுப் பாத்துட்டு இருந்தாரு. கொடல உருவிப் போட்டாப்பல கெடக்குது.

ஐப்பசி 17, செவ்வாய்

உக்கடத்துல இருந்து முபாரக் பாய் வந்தாரு. வண்டிக்குக் கரண்டு வேலை பாக்கறவரு, இவருக்குச் சின்ன வயசுச் சிநேகிதம். ஒயரிங்ல இவரு இன்னொருத்தரக் கூப்புட்டுக் காட்டுனது இதுதான் மொத தடவ.

"என்ன சிகாமணிண்ணே, தாடியெல்லாம் வளத்து எனக்கே போட்டியா வந்துட்டீங்க"ன்னாரு. இவரு சிரிக்கல. பாய் அதுக்கப்பறம் வேலையத்தான் பாத்தாரு.

மத்தியானம் வரைக்கும் ஒயரு ஒயரா பல்பு வெச்சுத் தொட்டுப் பாத்தாரு. லைட்ட எந்திரிக்க வெச்சு, மூட வெச்சு, எந்திரிக்க வெச்சு. பானெட்டத் தட்டிப் பாத்தாரு, தண்ணி ஊத்திப் பாத்தாரு. பியூஸ் போவல.

"அண்ணே, இதுல ஷார்ட்டே இல்ல. கோயில் மாதிரிப் பண்ணி வெச்சிருக்கீங்க."

"அப்பறம் ஏன் தெனமும் போவுது?"

"அதான் எனக்கும் தெரியல. அவசரத்துக்கு ஒண்ணு சொல்றேன், பாருங்க." மோட்டாரு மேல ஒரு ரப்பர் மூடி, அதைக் கழட்டினா ஒரு திருகு. அதைக் கையால சுத்தினாரு. லைட்டு மெல்ல மெல்ல எந்திரிச்சு நின்னுச்சு. "பியூஸே இல்லாட்டியும் இப்படித் தூக்கி விட்டுட்டு ஓட்டலாம்."

எனக்கு அது தெரியாது.

இவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. "கையால தூக்கி என்ன பண்றது பாய். அவன் வளைவுல எறங்கி பானெட்டத் தொறந்து திருகிட்டா இருந்திருப்பான்?"

பாய் தக்காளிச் சாதம் சாப்புட்டாரு. போறப்ப என்கிட்ட, "தங்கச்சி, வண்டிக்கு ஒண்ணுமில்ல. அண்ணனப் பாத்துக்க"ன்னாரு.

ஐப்பசி 18, புதன்

காலையில அமுத்துனாரு. பியூஸ் போயிருந்துச்சு.

பாய்க்குப் போனு போட்டாரு. பாய் இன்னொருக்கா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. அப்பறம், "எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துங்கண்ணே. நானும் தர்காவுல கயிறு ஒண்ணு வாங்கியாரேன். இது நம்ம வேலையில்ல"ன்னாரு.

இவரு தரையில உக்காந்துக்கிட்டாரு. "இப்படித்தான் துளசி போயிருக்கும். வூட்டுல நல்லா இருந்திருக்கும். இங்க எந்திரிச்சுது, பாத்துட்டுத்தான் கெளம்புனான். அங்க போயி அமுத்தியிருப்பான். மஞ்சுக்குள்ள அமுத்தி அமுத்திப் பாத்திருப்பான்." ரெண்டு கையையும் விரிச்சு முன்னாடி வெச்சுப் பாத்தாரு, வேற யாரோட கையையோ பாக்கறாப்பல. "இந்தக் கைதான்."

"அப்படியெல்லாம் இருக்காதுங்க."

"பின்ன எப்படி? நீ சொல்லு."

குழம்புக்கு உப்புப் போடலைன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன்.

ஐப்பசி 20, வெள்ளி

ஹார்லிக்ஸ் பாட்டில்ல கருகினதுல பச்சை இனிக் கொஞ்சந்தான் கெடக்கு. கடுகு டப்பாவுல நல்லது சேந்து போச்சு. கடுக வேற டப்பாவுக்கு மாத்தினேன்.

இவரு குளிக்கப் போனா சொம்பு சத்தம் கேட்டுட்டே இருக்கும். அது நிக்கறதுக்குள்ள போயிட்டு வந்துரலாம்.

இதை ஏன் எழுதறன்னு தெரியல. இவரு படிக்க மாட்டாரு. எந்திரிக்காத வரைக்கும் எடுத்துட்டுப் போவ மாட்டாரு, அது போதும் எனக்கு.

ஐப்பசி 23, திங்கள்

"இனி ரிப்பேரு வேண்டாம்"னாரு. ஒயரையெல்லாம் உள்ள தள்ளி, பானெட்ட மூடி, துணி போட்டு மூடிட்டாரு. "தெரிஞ்சுக்க வேண்டியது தெரிஞ்சு போச்சு."

நான் உள்ள போயி சாமி படத்துக்கு முன்னாடி உளுந்து கும்புட்டேன். பாசிப்பருப்புப் பாயசம் வெச்சேன். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக் குடிச்சாரு.

இன்னிக்கு நான் பட்டறைப் பக்கமே போவல.

ஐப்பசி 25, புதன்

என்னக் கூட்டிட்டு பேங்குக்குப் போனாரு. மிசின்ல கார்டு போட்டு எப்படிப் பணம் எடுக்கறதுன்னு சொல்லிக் குடுத்தாரு. "நம்பர மனசுல வெச்சுக்க, யாருகிட்டயும் சொல்லாத"ன்னாரு. "எதுக்குங்க, நீங்க எடுத்துத் தர மாட்டீங்களா"ன்னேன். "கத்துக்கறதுல என்ன கெட்டுப் போச்சு"ன்னாரு. வர்ற வழியில பன்னு பட்டர் ஜாமு வாங்கிக் குடுத்தாரு. வூட்டுக்கு வந்து கேஸ் சிலிண்டரு மாத்தறது, போர் மோட்டாரு எந்தப் பக்கம் திருப்பறது, எல்லாம். கல்யாணமான நாள்லருந்து இவ்வளவு பேசினதில்ல.

நல்லாத்தான் இருந்துச்சு.

ஐப்பசி 27, வெள்ளி

தாடிய எடுத்துட்டாரு. ஒல்லியாத் தெரியறாரு.

பட்டறையில வேலைக்கு இருந்த ரெண்டு பேரையும் வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டாரு. "ஓய்வெடுக்கப் போறீங்களாங்க"ன்னேன். "ஆமா"ன்னாரு.

ஐப்பசி 29, ஞாயிறு

வாணி பேசினா. "அம்மா, நேத்து அப்பா போனு பண்ணுனாரு. அரை மணி நேரம் பேசினாரும்மா. நான் ஏழாவது படிக்கறப்ப சைக்கிள் தொலைச்சதுக்கு அடிச்சாரில்ல, அதுக்கு மன்னிச்சுக்க சாமின்னாரு. எனக்கே மறந்து போச்சும்மா அது. நல்லாத்தான் ஆயிட்டாரு போல."

"ஆமா சாமி, நல்லாத்தான் இருக்காரு"ன்னு சொன்னேன்.

போன வெச்சப்பறம் அடுப்ப நிறுத்த மறந்துட்டேன். பாலு பொங்கி, தீஞ்சு, வூடெல்லாம் நாத்தம். ஸ்டவ்வத் தேச்சுட்டே இருந்தேன்.

ஐப்பசி 30, திங்கள்

சொல்லிரலாம்னு ரெண்டு தரம் பட்டறை வாசல் வரைக்கும் போனேன்.

சொன்னா வண்டி நல்லாருக்குன்னு ஆவும். அந்த வளைவுக்குப் போவாரு. சொல்லலைன்னா

கார்த்திகை 2, புதன்

இன்னிக்கு நடந்ததை எழுதிரணும்.

திதி நல்லபடியா முடிஞ்சுது. தரணிக்குப் புடிச்ச வடை, பச்சைப்பயறு, கத்திரிக்காய் எல்லாம் எலையில வெச்சேன். காக்கா ஒடனே வந்துருச்சு. வாணியும் மருமகனும் புள்ளைக்கு ஸ்கூலுன்னு சாப்புட்டுட்டுக் கெளம்பிட்டாங்க. இவரு வாணி தலையில கைய வெச்சு நெறைய நேரம் நின்னாரு.

பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். பட்டறையில கிரீச், கிரீச்சுன்னு ஒரு சத்தம். போயிப் பாத்தா வண்டி மேல இருந்த துணி கீழ கெடக்கு. பானெட்டு தொறந்திருக்கு. இவரு குனிஞ்சு அந்தத் திருகக் கையால சுத்திட்டு இருக்காரு. வலது லைட்டு எந்திரிச்சு நிக்குது. இடது கொஞ்சம் கொஞ்சமா மேல வருது.

"எங்கீங்க?"

"சித்தெ போயிட்டு வர்றேன்."

லேத் மேல அவரு போனு, மணிபர்சு, கண்ணாடி, மோதிரம் எல்லாம் வரிசையா வெச்சிருந்தாரு. கண்ணாடி இல்லாம இவருக்குத் தூரத்துல வர்ற வண்டியே தெரியாது.

"போனு எடுத்துக்கலீங்களா?"

"எதுக்கு?"

நான் ஓடுனேன். சமையக்கட்டுல அந்தக் கடுகு டப்பாவ எடுத்துட்டு ஓடியாந்து பானெட்டப் படார்னு சாத்தி, அது மேல கொட்டினேன். பச்சைப் பச்சையா செதறிக் கீழயெல்லாம் விழுந்துச்சு.

"என்னடி இது?"

"பியூஸுங்க. எல்லாம் நல்லது. நீங்க போட்டது. கருகினதெல்லாம் நான் போட்டது. தரணி பாட்டில்ல இருந்து."

அவருக்குப் புரியல. ஒண்ண எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. இன்னொண்ண எடுத்துப் பாத்தாரு.

"நீங்க குளிக்கப் போறப்ப மாத்துவனுங்க. ஒயரிங்ல ஒண்ணுமில்லீங்க. உங்க கையில ஒண்ணுமில்லீங்க. பாய் அன்னிக்குச் சொன்னாரில்ல." நானே பானெட்டத் தொறந்து, பொட்டியில இருந்த கருகினதப் புடுங்கி நல்லதப் போட்டேன். உள்ள கைய விட்டு சுவிட்ச அமுத்துனேன். மூடிக்கிச்சு. அமுத்துனேன், எந்திரிச்சுது. மூடுச்சு. எந்திரிச்சுது. நிறுத்த முடியல என்னால. அமுத்திட்டே இருந்தேன்.

இவரு என் கையப் புடிச்சு இழுத்தாரு.

"இத்தன நாளும் என்னக் கொலைகாரனா வெச்சிருந்தியேடி."

"உசுரோட வெச்சிருந்தனுங்க."

கைய ஓங்கிட்டாரு. என் மேல படல. பானெட்டு மேல எறங்குச்சு. அவரே நிமித்தின தகரம், அவரே நசுக்கிட்டாரு.

"தள்ளு"ன்னாரு.

நான் சுத்திப் போயி அந்தப் பக்கக் கதவத் தொறந்து உக்காந்துட்டேன். இந்த வருசம் பூராவும் அந்த சீட்டத் தொட்டதில்ல. பெல்ட்ட இழுத்து மாட்டினேன். "எறங்கு"ன்னாரு. மாட்டேன்னேன். மறுபடி சொன்னாரு. நான் முன்னாடி சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அப்பறம் போயி கண்ணாடிய எடுத்து மாட்டிட்டு வந்து உக்காந்தாரு.

மேட்டுப்பாளையம் தாண்டுனோம். மேல ஏற ஏறக் குளிரு. வளைவுக்குக் கிட்ட போறப்ப மஞ்சு பஞ்சாட்ட எறங்கிருச்சு. சுவத்துல ஒரு எடத்துல மட்டும் சிமெண்டு புதுசு. ஓரமா நிறுத்தினாரு. சுவிட்ச அமுத்துனாரு.

ரெண்டும் எந்திரிச்சுது. மஞ்சுக்குள்ள வெளிச்சம் போயி சுவத்துல விழுந்துச்சு.

ரொம்ப நேரம் அதையே பாத்தாரு. "எந்திரிக்குதே துளசி."

"ஆமாங்க."

"அப்ப அவன் ஏன் போடல?"

நான் இவரைக் காப்பாத்தணும்னு நெனச்சனே தவிர, இந்தக் கேள்விய நெனக்கல. வாயில வந்ததச் சொன்னேன். "இன்னும் இருட்டலையேன்னு நெனச்சிருப்பானுங்க. இந்த வளைவு தாண்டிப் போட்டுக்கலாம்னு இருந்திருப்பான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

எறங்கிப் போனாரு. அந்தப் புது சிமெண்டுல கைய வெச்சுட்டு, அந்தப் பக்கம் எட்டிப் பாத்துட்டு நின்னாரு. மஞ்சு வந்து முழங்காலு வரைக்கும் மறைச்சுது. நான் சாவியப் புடுங்கிக் கையில வெச்சுக்கிட்டேன். எறங்கிப் போயிப் புடிச்சுக்கணும்னு இருக்கு. பெல்ட்டு கழட்ட வரல. எங்க அமுத்தறதுன்னு தெரியல எனக்கு. "ஏனுங்க, ஏனுங்க"ன்னு கத்தினேன். திரும்பல.

மேல இருந்து ஒரு பஸ்ஸு ஆரன் அடிச்சுட்டே எறங்குச்சு. அதுக்கு வழி விடணுமின்னு தள்ளி வந்தாரு. அப்படியே வந்து வண்டில உக்காந்தாரு. கைய நீட்டினாரு.

"வூட்டுக்குங்களா?"

தலைய மட்டும் ஆட்டுனாரு. சாவியக் குடுத்தேன்.

கார்த்திகை 3, வியாழன்

காலையில எந்திரிச்சு காபி வெச்சேன். குடிச்சாரு. மோதிரம் இன்னும் லேத் மேலயே இருக்கு. நான் எடுக்கல, அவரும் எடுக்கல.

ஒயரிங்தான் தப்புன்னு இருந்தப்பவாவது திட்டறதுக்கு அவருக்கு அவரு கை இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. காலையிலருந்து அந்த எடத்துல வேற எதையோ தேடறாப்பல பாத்துட்டு இருக்காரு.

வாணிக்குப் போனு பண்ணி ஒடனே வரச் சொல்லிட்டேன். என்னன்னு கேட்டா. எல்லாம் சொன்னேன். பஸ் ஏறிட்டா.

வண்டியக் கழுவறாரு. நேத்து மலைச் சேறு. சமையக்கட்டு ஜன்னல்ல நின்னுட்டு இதை எழுதறேன். இங்கருந்து வண்டியோட பின்பக்கந்தான் தெரியும். அவரு முன்னாடி, லைட்டுப் பக்கம் இருக்காரு, தெரியல. ஓஸ்ல தண்ணி அடிக்கற சத்தம் கேக்குது. சாவி ஆணில தொங்குது. ஒளிச்சு வெக்கலாம்தான். ஆனா அதை ஒளிச்சா கெணறு இருக்கு, ரயிலு இருக்கு. எத்தனைய ஒளிக்கறது. எனக்குக் கழட்டத் தெரிஞ்சது அந்த ஒரு பியூஸுதான்.

தண்ணிச் சத்தம் நின்னுருச்சு.

போயிப் பாத்துட்டு வர்றேன்.